வலைச்சந்தை 9: விலைச்சீட்டு ஒட்டிய தேடுபொறி

1998 பிப்ரவரி. கலிஃபோர்னியாவின் கடலோர நகரமான மான்டெரேயில் டெட் மாநாடு. இன்று யூட்யூபில் ஓசியில் பார்க்கிறோமே, அந்த டெட் அல்ல. காசு கட்டி வந்து உட்காரும் சில நூறு பேரின் கூட்டம். அங்கே மேடையேறிய பில் கிராஸ் ஒரு புதிய தேடுபொறியைக் காட்டினார். பெயர் கோடூ டாட் காம்.

சொல்லைத் தட்டினால் பட்டியல் வந்தது. அதில் புதுமை இல்லை. பட்டியலில் முதலிடம் யாருக்கு என்பதில்தான் விஷயம். அந்தச் சொல்லுக்கு அதிகப் பணம் தர முன்வந்தவர் முதலில். அவருக்கு அடுத்த தொகை சொன்னவர் இரண்டாவது. இதைக் கமுக்கமாகவும் செய்யவில்லை. நீங்கள் இதை க்ளிக் செய்தால் விளம்பரதாரர் எங்களுக்கு இத்தனை சென்ட் தருவார் என்று ஒவ்வொரு முடிவோடும் அச்சடித்தே காட்டினார்கள்.

கூட்டத்துக்குப் பிடிக்கவில்லை. தேடுபொறி என்பது நூலகம் மாதிரி ஒரு பொதுச்சொத்து என்று நம்பிக்கொண்டிருந்த காலம். அதில் இடத்தை ஏலம் விடுவதா? இரண்டு வருடம் முன்பு, 1996இல், ஓப்பன் டெக்ஸ்ட் என்ற தேடுபொறி காசு தருகிறவர்களுக்கு மேலிடம் தந்து பார்த்தது. கிளம்பிய எதிர்ப்பில் திட்டத்தையே கைவிட்டுவிட்டது. அந்தக் காயம் ஆறுவதற்குள் கிராஸ் அதே யோசனையோடு, அதுவும் விலைப்பட்டியல் சகிதமாக வந்து நின்றார்.

கிராஸ் சும்மா வந்துவிடவில்லை. கால்டெக்கில் படித்தவர். குழந்தைகளுக்கான கல்வி மென்பொருளில் ஏற்கெனவே பணம் பார்த்தவர். 1996இல் பசடேனாவில் ஐடியாலேப் என்று ஒரு நிறுவனம் தொடங்கியிருந்தார். யோசனைகளை வரிசையாகக் கம்பெனிகளாக்குவதுதான் அதன் வேலை. சிட்டிசெர்ச், ஈடாய்ஸ் எல்லாம் அங்கே பிறந்தவை. எல்லாமே பிழைக்கவில்லை, ஈடாய்ஸ் 2001இல் திவாலானது.

தேடுபொறி பக்கம் அவரை இழுத்து வந்தது குப்பை. அன்றைய தேடுபொறிகள் பெரும்பாலும் பக்கத்தில் இருக்கும் சொற்களைப் பார்த்தே வரிசை போட்டன. இது தெரிந்த தில்லாலங்கடிகள் வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் ‘கார் கார் கார்’ என்று நூறு முறை எழுதிவைத்தார்கள். கண்ணுக்குத் தெரியாது, இயந்திரத்துக்குத் தெரியும். கார் தேடியவன் ஆபாசத் தளத்தில் போய் விழுந்தான். கிராஸின் வாதம் எளிமையானது. ஒவ்வொரு க்ளிக்குக்கும் காசு கட்டவேண்டும் என்றால், கார் விற்காதவன் ‘கார்’ என்ற சொல்லுக்கு ஏன் பணம் தருகிறான்? வருகிறவனிடம் விற்க எதுவுமில்லாதவனுக்கு அது வெறும் நஷ்டம். எனவே பணமே வடிகட்டியாகும். தொலைபேசி நிறுவனங்களின் எல்லோ பேஜஸில் பெரிய விளம்பரம் கொடுத்த பிளம்பரை யாரும் ஊழல்வாதி என்று சொல்வதில்லையே என்று கேட்டார்.

இந்த வாதத்தில் பாதி சரி என்பது என் எண்ணம். பொருள் வாங்க வருகிறவனுக்கு இது நன்றாகவே வேலை செய்யும். நோயைப் பற்றித் தெரிந்துகொள்ள வருகிறவனுக்கு?

கோடூவில் விளம்பரம் செய்வது எப்படி இருந்தது என்று கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். கணக்குத் தொடங்கி முன்பணம் கட்டவேண்டும். வேண்டிய சொற்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை சொல்லவேண்டும். தொடக்கத்தில் ஒரு சென்ட்டே போதும். உங்கள் தளத்துக்கும் சொல்லுக்கும் சம்பந்தம் இருக்கிறதா என்று ஓர் ஆள் பார்த்து அனுமதிப்பார். சென்ற வாரம் பார்த்த பேனர் விளம்பரத்தில் ஆயிரம் பேர் கண்ணில் பட்டதற்குக் காசு. இங்கே உங்கள் வாசலுக்கு ஆள் வந்தால் மட்டும்தான் காசு.

ஆனால் சொன்ன விலையை அப்படியே கட்டவேண்டும். அங்கேதான் கோளாறு. லாஸ் வேகஸ் ஓட்டல் அறைகளை விற்கும் இரண்டு பேர் மோதுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு க்ளிக்குக்கு முதலாமவருக்கு 60 சென்ட் வரை கட்டுப்படியாகும், இரண்டாமவருக்கு 40. ஒருவர் 5 என்கிறார், மற்றவர் 6. இவர் 7, அவர் 8. ஏறிக்கொண்டே போய் 41இல் இரண்டாமவர் கை தூக்குகிறார். இனி முதலிடம் கிடைக்காது, பிறகெதற்கு 40 சென்ட் தண்டம் என்று சட்டென்று 5 சென்ட்டுக்கு இறங்கிவிடுகிறார். எதிராளி இறங்கியதைப் பார்த்த முதலாமவர் நாம் மட்டும் ஏன் 41 தரவேண்டும் என்று 6க்கு இறங்குகிறார். உடனே இவர் 7. மறுபடி ஏற்றம். விலையை வரைந்து பார்த்தால் ரம்பத்தின் பற்கள் மாதிரி இருக்கும். பின்னாளில் பொருளாதார ஆய்வாளர்கள் பழைய ஏலத் தரவுகளைத் தோண்டியபோது அந்தப் பற்களை அப்படியே கண்டார்கள். எல்லாருடைய விலையும் எல்லாருக்கும் தெரியும் என்பதால் விளையாட்டு இன்னும் சுலபம். இருபத்துநாலு மணிநேரமும் திரையைப் பார்த்து விலை மாற்ற மனிதனால் ஆகாது. அதற்கென்றே மென்பொருள்கள் முளைத்தன.

தொடக்கத்தில் கோடூவுக்கு வேறொரு தலைவலி. தேட ஆள் வரவேண்டுமே! பிற தளங்களில் விளம்பரம் செய்து ஆட்களைக் கூட்டிவந்தார்கள். ஓர் ஆளை அழைத்துவர ஆகும் செலவு, அந்த ஆள் தட்டும் க்ளிக்கில் வரும் வரவைவிட அதிகம். பைத்தியக்காரத்தனம் என்று பேசியவர்கள் உண்டு. ஆனால் கிராஸ் கூட்டம் சேர்ந்தால் ஏலம் சூடுபிடிக்கும், ஒரு சென்ட் பத்து சென்ட் ஆகும் என்று கணக்குப் போட்டார். ஆனது. 1999 ஜூனில் நிறுவனம் பங்குச்சந்தைக்கும் வந்துவிட்டது.

நடுவில் ஒரு வேடிக்கை. டிஸ்னி ‘கோ’ என்ற பெயரில் தன் இணைய வாசலைத் திறந்தது. அதன் சின்னம் மஞ்சள் பின்னணியில் பச்சை வட்டம். கோடூவின் சின்னமும் அதுவே. கோடூ வழக்குப் போட்டது. மிக்கி மவுஸ் தோற்றது. 2000இல் டிஸ்னி 2.15 கோடி டாலர் கொடுத்துச் சமாதானமானது. தேடலில் சம்பாதிப்பதற்கு முன்பே வழக்கில் சம்பாதித்த கம்பெனி என்று கிண்டலடிக்கலாம்.

உண்மையான திருப்பம் அதன்பிறகு. எதற்குத் தன் தளத்துக்கு ஆள் பிடித்து அல்லாடவேண்டும்? ஆட்கள் ஏற்கெனவே ஏஓஎல்லிலும் எம்எஸ்என்னிலும் யாஹூவிலும் இருக்கிறார்களே. ஏலத்தை நாம் நடத்துவோம், முதல் சில முடிவுகளை அவர்கள் பக்கத்தில் காட்டட்டும், வருகிற காசைப் பங்கு போட்டுக்கொள்வோம். டாட் காம் குமிழி உடைந்து, பேனர் வருமானம் வற்றிப்போய், பெரிய தளங்கள் கையைப் பிசைந்துகொண்டிருந்த நேரம். ஒரு வரி நிரல்கூட எழுதாமல் காசு வருகிறது என்றால் யார் வேண்டாம் என்பார்கள்? கோடூ இனி ‘போகும் இடம்’ இல்லை என்பதால் 2001 அக்டோபரில் பெயரையும் ஓவர்ச்சர் என்று மாற்றிக்கொண்டது. அந்த ஆண்டு வருமானம் சுமார் 29 கோடி டாலர். அடுத்த ஆண்டு 66 கோடியைத் தாண்டியது.

இங்கே ஒரு சின்ன விஷயத்தைக் கவனியுங்கள். தன் சொந்தத் தளத்தில் ஓவர்ச்சர் விலையை எழுதிக் காட்டியது. கூட்டாளிகளின் தளங்களில் அந்த விலை இல்லை. ‘ஸ்பான்சர்டு’ என்று ஒரு சொல்லோடு நின்றது. விலைச்சீட்டு கிழிந்தது அங்கேதான்.

இப்போது சாலையின் எதிர்ப்பக்கம். கிராஸ் மான்டெரேயில் பேசி இரண்டே மாதம். 1998 ஏப்ரலில் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் நடந்த இணைய மாநாட்டுக்கு ஸ்டான்ஃபோர்ட் ஆய்வு மாணவர்கள் இருவரின் கட்டுரை வந்தது. செர்கே பிரின், லாரி பேஜ். கூகுள் எப்படி இயங்குகிறது என்று விளக்கிய கட்டுரை அது. அதன் பின்னிணைப்பு ஒன்றில் விளம்பரத்தை நம்பிப் பிழைக்கும் தேடுபொறி தேடுகிறவர் பக்கம் நிற்காது, விளம்பரதாரர் பக்கம்தான் சாயும் என்று வெட்டு ஒன்று துண்டு இரண்டாக எழுதியிருந்தார்கள். உதாரணமும் தந்தார்கள். தங்கள் கூகுளில் செல்பேசி என்று தேடினால், வண்டி ஓட்டுகையில் செல்பேசி பேசுவதால் கவனம் சிதறுவது பற்றிய ஆய்வு மேலே வந்தது. செல்பேசி விளம்பரத்தில் காசு வாங்கும் தேடுபொறி இந்தப் பக்கத்தை மேலே வைக்குமா என்று கேட்டார்கள். ஓப்பன் டெக்ஸ்ட் கதையையும் அந்தப் பின்னிணைப்பு மறக்கவில்லை.

அடுத்த வருடம் கிளெய்னர் பெர்க்கின்ஸ், செக்கோயா என்ற இரண்டு முதலீட்டு நிறுவனங்கள் சேர்ந்து கூகுளில் 2.5 கோடி டாலர் போட்டன. முதல் போட்டவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: எப்போது சம்பாதிப்பீர்கள்? 2000இல் கூகுள் விளம்பரம் வாங்கத் தொடங்கியது. படம் கிடையாது, மினுக்கும் பேனர் கிடையாது, எழுத்து மட்டும். முடிவுகளிலிருந்து பிரித்து வைத்தார்கள். அக்டோபரில் ஆட்வேர்ட்ஸ் வந்தது. கிரெடிட் கார்டு இருந்தால் யார் வேண்டுமானாலும் விளம்பரம் போடலாம். முதலில் சேர்ந்தவர்கள் சுமார் 350 பேர்.

ஆனால் விலை பழைய பாணியில். ஆயிரம் முறை காட்ட ஏறக்குறைய 10 முதல் 15 டாலர். எந்தச் சொல்லானாலும் அதே விலை. இதில் கூகுள் எவ்வளவு கோட்டை விட்டது என்பதற்கு ஒரு சொல் போதும்: மீசோதீலியோமா. கல்நார்த் தூசியால் வரும் புற்றுநோய். அமெரிக்காவில் இதற்கு நஷ்டஈடு வாங்கித் தரும் வக்கீல்களுக்கு ஒரு கட்சிக்காரர் கிடைத்தால் லட்சக்கணக்கில் கட்டணம். ஏலம் விட்டால் அந்த ஒரு க்ளிக்குக்குப் பல டாலர் தருவார்கள். கூகுளோ அந்தச் சொல்லையும் பூந்தொட்டியையும் ஒரே தட்டில் வைத்து விற்றுக்கொண்டிருந்தது.

2001இல் கிராஸ் கூகுளோடு கைகோக்கப் பேசிப் பார்த்ததாகப் பின்னாளில் சொன்னார். காசு வாங்கிய முடிவுகளைக் கலக்கும் கம்பெனியோடு சேரமாட்டோம் என்பது மறுப்பின் சாரம். மறுத்த கையோடு அதே ஏலத்தைத் தங்களுக்கு ஏற்ப மாற்றி அமைக்க இருவர் உட்கார்ந்துவிட்டார்கள். ஒருவர் சலார் கமங்கர், டெஹ்ரானில் பிறந்தவர், ஸ்டான்ஃபோர்டில் உயிரியல் படித்துவிட்டு கூகுளில் ஒன்பதாவது ஆளாகச் சேர்ந்தவர். இன்னொருவர் எரிக் வீச், கனடாக்காரர். கணினி வரைகலையில் ஒளி எப்படிச் சிதறும் என்று கணக்குப் போட்டு முனைவர் பட்டம் வாங்கி, பிக்ஸாரில் வேலை பார்த்தவர். அந்த ஆய்வுக்காக 2014இல் ஆஸ்கர் அமைப்பின் தொழில்நுட்ப விருதே வந்தது. உலகத்தின் மிகப் பெரிய ஏலக்கடையைக் கட்டியது ஓர் உயிரியல் பட்டதாரியும் ஒரு கார்ட்டூன் பட வல்லுநரும் என்பது எனக்கு அலுக்காத செய்தி.

அவர்கள் செய்த மாற்றம் இரண்டு. கிராஸின் ரம்பப் பற்களைப் பார்த்து, எப்படியும் எல்லாரும் எதிராளியைவிட ஒரு சென்ட் அதிகம் என்ற இடத்துக்குத்தான் இறங்கப்போகிறார்கள், அந்த வேலையை நம் கணினியே செய்துவிடட்டும் என்றார்கள். நீங்கள் 60 சென்ட் என்று சொல்லலாம். கீழே நிற்பவரைத் தாண்ட 41 போதும் என்றால் 41தான் கழியும். வில்லியம் விக்ரி என்ற பொருளாதார மேதை இரண்டாம் விலை ஏலம் பற்றி எழுதி, 1996இல் நோபல் அறிவிப்பு வந்த மூன்றாம் நாள் காலமானார். கூகுள் முறை விக்ரியுடையதன் நேர்நகல் அல்ல, உறவுக்காரன்.

இரண்டாவது மாற்றம்தான் பெரியது. வரிசை விலையால் மட்டும் இல்லை; விலையை, க்ளிக் விழும் விகிதத்தால் பெருக்கி வருவதே மதிப்பெண். ஒருவர் ஒரு டாலர் சொல்கிறார், ஆனால் அவருடைய விளம்பரத்தை நூறு பேர் பார்த்தால் ஒருவர்தான் தட்டுகிறார். கூகுளுக்கு நூற்றுக்கு ஒரு டாலர். இன்னொருவர் 40 சென்ட்தான் சொல்கிறார், நூற்றில் ஐந்து பேர் தட்டுகிறார்கள். வரும்படி இரண்டு டாலர். எனவே 40 சென்ட்காரர் மேலே. அவர் கட்டவேண்டியதும் 40 இல்லை. எதிராளியின் மதிப்பெண்ணைத் தாண்ட 20 சென்ட்டும் ஒரு சென்ட்டும், ஆக 21. கொழுத்த பணத்தை வைத்துக்கொண்டு சம்பந்தமில்லாத விளம்பரம் போட்டவன் கீழே சரிந்தான். தேடுகிறவருக்கு எரிச்சல் குறைந்தது, விளம்பரதாரருக்குச் செலவு குறைந்தது, கூகுளுக்கு வரவு கூடியது. மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் நல்லது செய்யும் சூத்திரம் வியாபாரத்தில் அபூர்வம். கிராஸ் காசை வடிகட்டி என்றார். இவர்கள் தேடுகிறவரின் விரலையும் அதோடு சேர்த்துக்கொண்டார்கள்.

2002 பிப்ரவரியில் ‘ஆட்வேர்ட்ஸ் செலக்ட்’ என்ற பெயரில் இது வெளிவந்தது. அதே மாதம் எர்த்லிங்க் நிறுவனம் ஓவர்ச்சரை விட்டு கூகுளுக்குத் தாவியது. ஏப்ரலில் ஓவர்ச்சர் காப்புரிமை வழக்குப் போட்டது. தேடல் பட்டியலில் இடத்தை ஏலத்தால் தீர்மானிக்கும் முறைக்கு 2001 ஜூலையிலேயே அது அமெரிக்கக் காப்புரிமை வாங்கிவைத்திருந்தது. மே மாதம் பேரிடி. 3.4 கோடி சந்தாதாரர்கள் கொண்ட ஏஓஎல் ஓவர்ச்சரைக் கைவிட்டு கூகுள் பக்கம் போனது. கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் இவ்வளவு தருகிறேன் என்று கூகுள் ஒரு குறைந்தபட்சத் தொகைக்கு உத்தரவாதம் கொடுத்திருந்தது. புதிதாக வந்த தலைமை அதிகாரி எரிக் ஷ்மிட்டுக்கு வயிற்றில் புளி கரைந்தது. பேஜும் பிரின்னும் அசையவில்லை. சூத்திரத்தின்மேல் அவ்வளவு நம்பிக்கை.

கூகுளின் வருமானத்தைப் பாருங்கள். 2000இல் 1.91 கோடி டாலர். 2001இல் 8.64 கோடி. 2002இல் 43.95 கோடி. 2003இல் 146 கோடிக்கும் மேல். 2002இல்கூட ஓவர்ச்சரின் வருமானமே அதிகம் என்பதை நினைவில் வையுங்கள். ஜெயித்துக்கொண்டிருக்கும்போதே தோற்கத் தொடங்கிய கம்பெனி அது. காரணம் எளிது. ஓவர்ச்சருக்குச் சொந்தமாகத் தேட வருகிற கூட்டம் இல்லை. கடையெல்லாம் வாடகை இடத்தில். 2003இல் ஆல்டாவிஸ்டா என்ற தேடுபொறியை வாங்கிப் பார்த்தது, காலம் கடந்திருந்தது. அதே ஆண்டு ஜூலையில் யாஹூ சுமார் 163 கோடி டாலருக்கு ஓவர்ச்சரையே வாங்குவதாக அறிவித்தது.

அரசாங்கம் என்ன செய்தது? ரால்ஃப் நேடர் தொடங்கிய கமர்ஷியல் அலர்ட் என்ற அமைப்பு 2001இல் புகார் கொடுத்தது. காசு வாங்கிய முடிவை முடிவு என்று காட்டுவது ஏமாற்று என்றது. 2002 ஜூனில் அமெரிக்க வர்த்தக ஆணையம் தேடுபொறி நிறுவனங்களுக்குக் கடிதம் எழுதியது. காசு வாங்கியதைத் தெளிவாக, கண்ணில் படும்படி சொல்லுங்கள். எப்படிச் சொல்வது, எந்த நிறத்தில், எந்த அளவில்? அதைக் கம்பெனிகளிடமே விட்டார்கள்.

விட்டதன் விளைவு கூகுள் பக்கத்தின் நிறத்தில் தெரியும். முன்பெல்லாம் விளம்பரங்களுக்குப் பின்னால் வெளிர் வண்ணத்தில் ஒரு பட்டை இருக்கும். மஞ்சள் பட்டை பலருக்கு நினைவிருக்கலாம். 2013 ஜூனில் அதே ஆணையம் அடையாளங்கள் மங்கி வருகின்றன என்று மறுபடி கடிதம் எழுதியது. அந்த ஆண்டுக் கடைசிவாக்கில் பட்டை போய், மஞ்சளில் ஒரு சின்ன ‘ஆட்’ முத்திரை வந்தது. 2016இல் முத்திரை பச்சையானது. தளத்தின் முகவரியும் பச்சை. 2017இல் உள்நிறம் போய்ப் பச்சைக் கோடு மட்டும். 2020 ஜனவரியில் கறுப்பு எழுத்தில் வெறும் ‘ஆட்’. கூச்சல் கிளம்பியது. 2022இல் ‘ஸ்பான்சர்டு’ என்ற சொல் வந்தது, அதாவது இருபது வருடத்துக்கு முன் ஓவர்ச்சரின் கூட்டாளிகள் பயன்படுத்திய அதே சொல்.

கிராஸை மேடையில் ஏளனமாகப் பார்த்தவர்கள் காசு வாங்குகிறார் என்பதற்காகப் பார்த்தார்கள். அதே காசைத்தான் எல்லாரும் வாங்கினார்கள். இந்த க்ளிக்குக்கு நான் 38 சென்ட் வாங்குகிறேன் என்று தேடுகிறவர் முகத்துக்கு நேரே சொன்ன தேடுபொறி அது. கிராஸ் எந்தத் தியாகியும் இல்லை. அவருடைய முறையில் நோயாளியும் வாடிக்கையாளர்தான். ஆனாலும் பிரிஸ்பேன் கட்டுரையின் பின்னிணைப்பு கேட்ட கேள்விக்கு, விலையை எழுதி வைத்ததைவிட நேரான பதிலை கூகுள் இதுவரை தரவில்லை என்பேன்.

வழக்கு? நீதிபதி தீர்ப்பு எழுதும் வரை போகவில்லை. 2004 ஆகஸ்ட் 9. கூகுள் பங்குச்சந்தைக்கு வர பத்தே நாள். காப்புரிமை வழக்கையும் யாஹூவுடனான இன்னொரு பங்குத் தகராறையும் சேர்த்து முடிக்க, கூகுள் 27 லட்சம் பங்குகளை யாஹூவுக்குத் தந்தது. அந்த முறையைப் பயன்படுத்த நிரந்தர உரிமமும் பெற்றுக்கொண்டது. ஆகஸ்ட் 19இல் பங்கு 85 டாலருக்கு வெளியானது. அந்தக் கணக்கில் இரண்டு தகராறுக்கும் சேர்த்துக் கொடுத்த விலை சுமார் 23 கோடி டாலர். இன்றைக்கு அந்த வருமானத்தைப் பார்க்கிறவர்களுக்கு இது டீக்காசு.

ஓவர்ச்சர் என்ற பெயரை 2005இல் யாஹூ எடுத்துவிட்டது. க்ளிக் விகிதத்தையும் சேர்த்து வரிசைப்படுத்தும் புதிய முறையை, பனாமா என்ற சங்கேதப் பெயரில், யாஹூ நடைமுறைக்குக் கொண்டுவந்தபோது 2007 பிப்ரவரி ஆகியிருந்தது. கூகுள் அதைச் செய்து சரியாக ஐந்து வருடம்.

ஆனால் இதெல்லாம் தேடல் பக்கத்தில் மட்டும் நடந்த ஏலம். தேடாத இடத்திலும், செய்தி படிக்கிற பக்கத்திலும் சமையல் குறிப்பிலும் இதே ஏலத்தைக் கொண்டுபோக முடியுமா என்று 2003இல் கூகுள் யோசித்தது. அதற்காக வாங்கிய கம்பெனி சாண்டா மோனிகாவில் இருந்தது. பெயர் அப்ளைடு செமான்டிக்ஸ்.

(தொடரும்)